மண்ணெண்ணெய் ஓடிய யந்திரங்கள்

மன்னாரிலிருந்து பூநகரியை நோக்கி வடக்கே செல்லும் ஏ-32 வீதியில், திருக்கேதீச்சரத் திருப்பத்தைக் கடந்து, வயலும் உவர்நிலமும் மாறி மாறி வரும் வெட்டவெளியினூடே பிரயாணம் செய்வோருக்கு, இடப்புறத்தே கண்டற் காடுகளின் கரும்பசுமை தென்படும் பகுதியிலே விடத்தல்தீவு என்னும் பழைய கடற்கரைக் கிராமம் இருக்கிறது. பெயரிலே தீவு என்றிருப்பினும் அது பெருநிலத்தோடு ஒட்டிய ஊர். விடத்தல் என்னும் முள்மரத்தின் பெயரைத் தாங்கி, கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சைவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த ஊர். இவ்வூரைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் இறாலையும் நண்டையும் கடலட்டையையும் எழுதுவர். அல்லது, 2016 ஆம் ஆண்டில் 29,180 ஹெக்டேயர் பரப்புக் கொண்ட இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்யப்பட்ட அதன் கடற்பரப்பையும் கண்டலையும் எழுதுவர். நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் இவற்றினும் சிறியது. ஆயினும் இக்கரையின் அறுபது ஆண்டுச் சரித்திரத்தை அதனூடே காணலாம் என்பது என் நம்பிக்கை. பழைய மோட்டார் யந்திரம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குமுன் அதனைப் பரீட்சித்துப் பார்க்கும் வழக்கமே அது.

புதிய வாகனங்கள் தடையின்றி வந்திறங்கும் தேசங்களில் இந்தப் பரீட்சை வியாபாரத்தின் ஓர் அங்கம்; அதற்கெனக் கருவிகளும் அத்தாட்சிப் பத்திரங்களும் உண்டு. இலங்கையின் வடபுலத்திலோ, அது காதாலும் மூக்காலும் உள்ளங்கையாலும் பயிலப்பட்ட ஒரு வித்தையாக வளர்ந்தது. ஒரு பழைய யந்திரத்தைத் தவறாகத் தெரிந்து வாங்கியவனுக்கு இன்னொன்றை வாங்கும் வாய்ப்பு எளிதில் வாராத நிலை இங்கே மீண்டும் மீண்டும் நேர்ந்ததே அதற்குக் காரணம்.

இந்நிலை முதன்முதலாக நேர்ந்தது 1960 களின் தொடக்கத்தில். அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில், தேயிலையும் இறப்பரும் ஈட்டிய அந்நியச் செலாவணியின் பயனாக, பிரித்தானியக் கார்கள் கொழும்புத் துறைமுகத்தில் ஏராளமாக வந்து இறங்கின. 1947 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40, அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர், 1959 இல் புதிய உருவத்தோடு வந்த ஒஸ்ரின் கேம்பிரிஜ் ஆகியவை தெற்கைப் போலவே வடக்கிலும் வைத்தியர் வீட்டு வாசலிலும், வழக்கறிஞர் வீட்டு வாசலிலும், சந்திகளின் வாடகைக் கார்த் தரிப்பிடங்களிலும் நின்றன. பின்னர் அந்நியச் செலாவணி வறண்டது. அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. நாட்டுக்குள் இருந்த கார்களே இனி நாட்டின் கார்கள் என்றாயிற்று. வாங்கியவன் பத்து வருஷம் ஓட்டிவிட்டு, வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்ற விந்தை அக்காலத்தது. வயது ஏற ஏற விலை ஏறும் பண்டமாகக் கார் ஆகிவிட்டபின், அதன் பூச்சையும் ஆசனத்தையும் பார்த்து வாங்குபவன் மூடனாகக் கருதப்பட்டான். யந்திரத்தைப் பார்த்து வாங்குபவனே மதிக்கப்பட்டான்.

வயதை அறிவதற்கு இலக்கத் தகடு முதற்சாட்சியாக இருந்தது. 'ஈஎன்', 'ஈஎல்', 'ஈவை' என்றாற்போல ஆங்கில எழுத்துகளைக் கொண்ட தகடு 1957 க்கு முந்திய பதிவைக் காட்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில், புதிதாகப் பதியும் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த தகடு விதிக்கப்பட்டது. தமிழர் அதனை எதிர்த்தனர். சிங்கள எழுத்தின்மேல் தார் பூசுதலும், தமிழிலே 'ஸ்ரீ' எழுதி ஓட்டுதலும் அறப்போராட்டங்களாயின. அந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியிலேதான் 1958 ஆம் ஆண்டின் இனக்கலவரமும் மூண்டது. ஆகவே வடபுலத்தில் ஒரு பழைய காரின் முன்னே நின்று அதன் தகட்டை வாசித்தவன், அந்தக் காரின் பிராயத்தோடு தன் சமூகத்தின் துயரமொன்றின் பிராயத்தையும் சேர்த்தே வாசித்தான். யந்திர இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது அதற்கு அடுத்த காரியம்; 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தப் புத்தகத்தின் வரிகள், யந்திரம் மாற்றப்பட்டதா, எத்தனை கைகள் மாறியது என்ற இரண்டையும் சொல்லிவிடும்.

இனி யந்திரத்தைப் பார்க்கும் முறை. அக்காலத்துக் கார்களில் இக்காலத்தார் அறியாத ஒரு சௌகரியம் இருந்தது: முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுழற்றி யந்திரத்தை இயக்கலாம். கைதேர்ந்தவர் அந்தக் கைப்பிடியை யந்திரத்தை இயக்குவதற்கு மாத்திரமன்றி, அதன் நாடி பார்ப்பதற்கும் உபயோகித்தனர். தீப்பொறியை நிறுத்திவிட்டு, கைப்பிடியை மெல்ல மெல்லச் சுழற்றும்போது, நான்கு சிலிண்டர்களும் முறைக்கு ஒன்றாகக் காற்றை அமுக்கி எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பு நான்கு முறையும் சமமாக இருந்து, கையைச் சற்றே பின்தள்ளுமாயின் வால்வுகளும் பிஸ்டன் வளையங்களும் நலமாக உள்ளன. ஒரு முறை மாத்திரம் கை தடையின்றி வழுக்கிச் செல்லுமாயின் அந்தச் சிலிண்டரில் நோய் உண்டு. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயிலை ஊற்றி மறுபடி சுழற்றினால், எதிர்ப்பு மீண்டு வருமாயின் தேய்ந்தது வளையம், மீளாவிடின் வால்வு என்று நிர்ணயம் செய்வர். இக்காலத்தில் அழுத்தமானி கொண்டு செய்யும் பரீட்சையும் இதே நியாயத்தைக் கொண்டதுதான். அன்று மானியின் இடத்தில் மணிக்கட்டு இருந்தது.

எனக்கு இவற்றைச் சொல்லித் தந்தவர் மன்னார்ப் பெருநிலத்தில் கராஜ் வைத்திருந்த ஒரு முதியவர். என் இளமையில், நான் ஒரு பழைய மொறிஸ் மைனரை வாங்க எண்ணி அவரை அழைக்கச் சென்றபோது, அவர் முதலிலே கேட்டது, நாங்கள் எத்தனை மணிக்கு வருவோமென்று விற்பவருக்குச் சொல்லியிருக்கிறேனா என்பது. சொல்லியிருக்கிறேன் என்றேன். "அப்ப பிரியோசனமில்லைத் தம்பி. அவர் முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருப்பார். சொல்லாமல் விடியப்புறமாய்ப் போவம். ஆறின எஞ்சின்தான் உண்மை சொல்லும்" என்றார். மறுநாள் அதிகாலையில் சென்றபோது, அவர் வீட்டுக்காரரோடு பேச்சுக் கொடுப்பதற்கு முன்பே, பொனற்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இரும்பு குளிர்ந்திருந்தது, அதன் பின்னரே பேச்சைத் தொடங்கினார்.

அவர் பார்த்த முறையை நான் மறக்கவில்லை. முதலில் ஒயிற் கம்பியை உருவி, அதன் நுனியில் இருந்த ஒயிலை இரு விரல்களுக்கிடையே தேய்த்தார். மணல்போல் உறுத்துகிறதா, நீர்போல் வழுக்குகிறதா என்று பார்த்தபின் மூக்கருகே கொண்டு சென்றார். ஒயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பால்போன்ற வெண்களிம்பு படிந்திருப்பின், தலைப்பகுதியின் கஸ்கற் பழுதாகி நீர் ஒயிலோடு கலக்கிறது என்று பொருள். றேடியேற்றரின் மூடியைத் திறந்து அதன் நீரிலே ஒயிற்படலம் மிதக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அதன்பின்னர்தான் யந்திரத்தை இயக்கச் சொல்லி, தாம் புகைக்குழாயின் பின்னே போய் நின்றார். முதற் புகை நீலமாய் வந்தால் ஒயில் எரிகிறது. வெண்புகை யந்திரம் சூடேறிய பின்னும் விடாது வந்தால் நீர் போகிறது. கரும்புகையாயின் எரிபொருள் மிகுதி, அது காபரேற்றரின் குற்றம், திருத்திவிடலாம். பிறகு நீண்ட திருப்புளியொன்றின் நுனியை யந்திரத்தின் பக்கத்திலே ஊன்றி, அதன் பிடியைக் காதோடு ஒட்டி, வைத்தியர் மார்பை ஆராய்வதைப்போல இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். மேலே கேட்கும் மெல்லிய டக்டக் ஒலி வால்வுகளின் இடைவெளி. அது ஒழுங்கு செய்யத்தக்கது. கீழே, ஆழத்தில், வேகம் கூட்டும்போது கனத்துக் கேட்கும் தட்டலோ அச்சின் தாங்கிகள் தேய்ந்தமையின் அறிகுறி. அதனைக் கேட்டவன் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தின் ஒயில் மூடியைத் திறந்து, அதன் வாயிலே கையை வைத்தார். அந்த வாயால் யந்திரம் மூச்சுவிடும் என்றும், மூச்சு அடித்து வீசுமாயின் வளையங்கள் முடிந்துவிட்டன என்றும் எனக்குச் சொன்னார்.

அந்த மைனரை நாங்கள் வாங்கவில்லை. ஒயில் அளவுக்கு மீறித் தடித்திருந்தது என்பது அவர் சொன்ன காரணம். கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் கனத்த ஒயிலை யந்திரத்துக்குள் ஊற்றினால் சத்தமும் புகையும் சில நாட்களுக்கு அடங்கியிருக்கும். அந்தச் சில நாட்களுக்குள் கார் கை மாறிவிடும். இந்தத் தந்திரத்துக்குப் பிற்காலத்தில் நானே ஒருமுறை இரையாகி, நான்கு மாதச் சம்பளத்தை இழந்தேன். அவரை அழைத்துப் போகாத குற்றம் என்னுடையது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானிய வாகனங்கள் வந்தன. 'ரீகண்டிஷன்' என்ற சொல் தமிழரின் நித்திய வழக்கிலே சேர்ந்தது. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் பின்வளவுக்குப் போகலாயின. அவற்றை இரும்பு விலைக்குக் கொடுத்தோரும் உண்டு. அப்படிக் கொடுத்தவர்கள் பதின்மூன்றே ஆண்டுகளில் அதனை எண்ணி வருந்த நேர்ந்தது.

1990 யூன் மாதத்தில் அரசாங்கப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யுத்தம் மீண்டும் மூண்டது. 1914 முதல் தலைமன்னாருக்கு ஓடிய புகையிரதம் அவ்வாண்டில் நின்றது. அது மீண்டும் தலைமன்னாரைச் சென்றடைந்தது 2015 இல். வடக்கிலே இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பிரதேசங்களுக்குப் பெற்றோலும் டீசலும், பற்றரியும், வாகன உதிரிப்பாகங்களும், சீமெந்தும் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டது. விடத்தல்தீவும் அதனைச் சூழ்ந்த மாந்தைப் பெருநிலமும் அந்தத் தடைக்கு உட்பட்ட பிரதேசத்திலேயே இருந்தன. அதே ஆண்டின் ஒக்ரோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இக்கரையின் முஸ்லிம் குடும்பங்களும் தம் வீட்டையும் வள்ளத்தையும் வாகனத்தையும் விட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களுக்கு அகதிகளாய்ச் செல்ல நேர்ந்தது. அவர்களுள் யந்திரம் பழகியவர்களும் இருந்தனர். வாகனம் பழகியவர்களும் இருந்தனர். ஊரின் கைத்திறமையில் ஒரு பங்கும் அவர்களோடு போயிற்று. இந்தப் பிரிவைச் சொல்லாமல் இக்கரையின் எந்தத் தொழிலின் சரித்திரத்தையும் எழுதுதல் தர்மமாகாது.

பெற்றோல் இல்லை; மண்ணெண்ணெய் அளவோடு கிடைத்தது. அப்பொழுது பின்வளவில் கோழி அடைந்து கிடந்த ஏ-40 களும் மைனர்களும் மறுபடியும் வீதிக்கு வந்தன. யப்பானியப் புதுக்கார் செய்ய மறுத்ததை இந்தப் பழங்கார் செய்தது; அதாவது, மண்ணெண்ணெயில் ஓடியது. இதன் நியாயத்தைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். பெற்றோல் யந்திரத்துக்குள்ளே எரிபொருளும் காற்றும் கலந்த கலவை அமுக்கப்படுகிறது. எவ்வளவுக்கு அதிகமாக அமுக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பலம் கூடும். ஆனால் தரம் குறைந்த எரிபொருள் மிகுந்த அமுக்கத்தைத் தாங்காது, பொறியில் பிறந்த சுடர் வந்து சேருமுன் தானே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். பழைய ஏ-40 யந்திரத்தின் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்றே மேற்பட்டது. பிற்கால யந்திரங்களின் விகிதம் ஒன்பது, பத்து என ஏறிப்போயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் பிரித்தானியாவில் கிடைத்த பெற்றோலே தரம் குறைந்ததாக இருந்தமையால் அவ்வாறு தாழ்த்தி அமைக்கப்பட்ட யந்திரம், நாற்பது ஆண்டுக்குப்பின் வேறொரு யுத்தத்தில் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டது. மேலும், அந்த யந்திரங்களில் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்தவை. புகையின் வெப்பம் கலவையைச் சூடாக்கும். பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய்க்கு அந்தச் சூடே உயிர்.

இது முற்றிலும் புதியதொரு கண்டுபிடிப்பு அன்று. 1946 முதல் பத்து ஆண்டுகள் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உற்பத்தியான பெர்கூசன் உழவு யந்திரத்தில், மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளால் ஓடும் வகை ஒன்றும் 1949 முதல் விற்கப்பட்டது. பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மற்ற எரிபொருளுக்கு மாற்றுவதே அதன் முறை. தொழிற்சாலையொன்று கணக்கிட்டு அமைத்த ஒழுங்கை, நமது கராஜ்களில் கணக்கும் பாகமும் இன்றி, தேவையின் நெருக்கத்தால் மறுபடி கண்டெடுத்தனர். சிறு போத்தலொன்றில் உயிரைப்போலக் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயிலே விட்டு இயக்குவர். யந்திரம் சூடேறும் வரை வேகத்தைத் தாழவிடாமல் பிடித்திருப்பர். பிறகு மண்ணெண்ணெயைத் திறப்பர். வீதியெங்கும் வெண்புகையும் கண்ணெரிச்சலும் பரவும். பிரசவ வேதனையில் இருந்த பெண்களும், ஷெல் பட்ட குழந்தைகளும் அந்தப் புகையின் நடுவே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்தக் கார்களைப் பற்றி எழுதும்போது என் உள்ளம் நெகிழ்வது அதனால்தான்.

மண்ணெண்ணெயில் ஓடிய யந்திரம் மெல்ல மெல்லத் தன்னையே தின்னும். முழுதும் ஆவியாகாத துளிகள் சிலிண்டரின் சுவரிலே படிந்த ஒயிற்படலத்தைக் கழுவிக்கொண்டு, வளையங்களைக் கடந்து கீழே ஒயிற் தொட்டிக்குள் இறங்கும். ஒயில் நீர்த்துப் போகும், நீர்த்த ஒயில் தாங்கிகளைக் காக்காது, தாங்கிகள் தேயும். ஆகையால் பழைய பரீட்சை முறையின் ஒரு விதி தலைகீழாயிற்று. முன்னெல்லாம் ஒயில் குறையும் யந்திரத்தைக் கண்டு அஞ்சினர். இப்பொழுது ஒயில் கூடும் யந்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதாயிற்று. கம்பியிலே குறித்த மட்டத்துக்கு மேலே ஒயில் நிற்குமாயின், அது விற்பவரின் தாராளம் அன்று. மண்ணெண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறது. முகர்ந்து பார்த்தால் மூக்கே சொல்லிவிடும். ஒயிலை அன்றுதான் மாற்றி ஊற்றி மணத்தை மறைத்திருந்தாலோ, பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பர். நலமாக எரியும் யந்திரத்தின் பிளக் நுனி வெளிறிய மண்ணிறமாய் இருக்கும். மண்ணெண்ணெயில் நெடுநாள் ஓடியதன் நுனியிலோ கரி தடித்துப் படிந்திருக்கும். அந்தக் கரி பிஸ்டனின் தலையிலும் வால்வுகளின் இருக்கைகளிலும் உண்டு. தலைப்பகுதியைக் கழற்றிச் சுரண்டாமல் அந்தக் காரை வாங்கக்கூடாது. சுரண்டும் கூலியையும் கஸ்கற்றின் விலையையும் பேசும் விலையிலே கழித்துக்கொள்ள வேண்டும். கஸ்கற் தானும் தடைப்பட்டிருந்த பொருள். உதிரிப்பாகங்களுக்காகவே இரண்டாவது காரொன்றை வாங்கிக் கழற்றி வைத்திருந்தோரும் இருந்தனர்.

கடற்கரை ஊருக்கு உரிய சில குறிகளும் இவற்றோடு சேர்ந்தன. உவர்க்காற்றில் நின்ற வாகனத்தின் அடிச்சட்டத்தைக் கையால் தட்டிப் பார்ப்பர். இரும்பு மணியோசை தந்தால் நலம், மண்ணோடு தட்டியதுபோல் மந்தமாய் ஒலித்தால் துரு உள்ளே புகுந்துவிட்டது. இப்பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. அந்த நீரையே றேடியேற்றரில் ஊற்றி ஓடிய வண்டியில், நீர் செல்லும் நுண்குழாய்களில் உப்பும் காவியும் படிந்து அடைத்துவிடும். யந்திரம் சூடு மிஞ்சி, தலைப்பகுதி வளைந்து, கஸ்கற் போகும். ஆகையால், யந்திரம் அரைமணி நேரம் ஓடியபின் றேடியேற்றரின் முகப்பை மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்ப்பது இங்குள்ள வழக்கமாயிற்று. ஓரிடம் சுட்டு ஓரிடம் குளிர்ந்திருந்தால் குளிர்ந்த இடம் அடைபட்ட இடம். ஊற்றிய நீர் எந்தக் கிணற்று நீர் என்று விற்பவரிடம் கேட்பதையும் நான் கண்டிருக்கிறேன். கேட்டவருக்கு அவ்வூர்க் கிணறுகள் எல்லாம் தெரியும்.

வள்ளங்களின் யந்திரங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். விடத்தல்தீவிலே காரைக்காட்டிலும் அவை பன்மடங்கு மிகுதி. 1950 களின் பிற்பகுதியிலே இலங்கையின் மீன்பிடி யந்திரமயமாகத் தொடங்கியது. பாய்க்கும் தண்டுக்கும் பதிலாக, வள்ளத்தின் பின்புறத்தில் தொங்கவிடும் வெளியிணைப்பு யந்திரம் காலப்போக்கில் எல்லா இறங்குதுறைகளிலும் பரவியது. இலங்கை மீனவரின் சிறு வள்ளங்களில் பூட்டப்படும் அவற்றிற் பெரும்பாலானவை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டவை. கராஜ்க்காரர் காருக்குச் செய்ததைக் கடற்றொழிலாளர் தம் வள்ளத்திலே நாள்தோறும் செய்து பழகியிருந்தனர் என்பதை எண்ணும்போது, இக்கரையோர மக்களுக்கு மண்ணெண்ணெய்க் கார் ஏன் அவ்வளவு விரைவில் கைவந்தது என்பது விளங்கும். பழைய வெளியிணைப்பு யந்திரத்தை வாங்குபவர், அதனைத் தண்ணீரில் அமிழ்த்தி இயக்கி, குளிர்விக்கும் நீர் பக்கத்துத் துளையால் பீறிட்டு வருகிறதா என்று பார்ப்பர். பீறிடாமல் ஒழுகினால் உப்பு வழியை அடைத்திருக்கிறது. இழுக்கும் கயிற்றை மெல்ல இழுத்து அமுக்கத்தைப் பார்ப்பது, ஏ-40 இன் கைப்பிடியைச் சுழற்றிப் பார்ப்பதற்கு ஒப்பானது. காருக்கும் வள்ளத்துக்கும் ஒரே கைவினைஞரே நாடி பார்த்த ஊர்களில் இந்த ஒப்புமை இயல்பாகவே அமைந்தது.

2002 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானபின் பாதைகள் திறந்தன. மன்னார்ப் பக்கத்தில் உயிலங்குளத்துச் சோதனைச் சாவடியினூடாகப் பெற்றோலும் பாகங்களும் வந்தன. வீதிகளில் வெண்புகை அடங்கியது. சில ஆண்டுகளே அந்த நிம்மதி. மீண்டும் மூண்ட யுத்தத்தில், 2008 யூலை 16 ஆம் திகதி இராணுவம் விடத்தல்தீவைக் கைப்பற்றியது. மாந்தைப் பெருநிலத்து மக்கள் அதற்கு முன்னரே உழவு யந்திரங்களிலும் லொறிகளிலும் துவிச்சக்கர வண்டிகளிலும் தம் உடைமைகளை ஏற்றிக்கொண்டு வடகிழக்கே இடம்பெயரத் தொடங்கியிருந்தனர்; ஒவ்வோர் ஊராகக் கடந்து, இறுதியில் முல்லைத்தீவுக் கரையின் ஒடுங்கிய மணற்பரப்பிலே, அந்த வாகனங்களையும் விட்டு உயிரோடு வெளியேறியவர்களே மிஞ்சினர். 2009 மே மாதத்துக்குப்பின் அக்கரையிலே எரிந்தும் துருப்பிடித்தும் கிடந்த ஆயிரக்கணக்கான வாகனங்களின் படங்களை உலகம் பார்த்தது. அவற்றுள் எத்தனை யந்திரங்கள், தடைக்காலத்தை மண்ணெண்ணெய் குடித்துத் தாண்டி வந்தவையோ! அவற்றை ஓட்டி வந்தவர்களைப் பற்றி எழுத எனக்குச் சொற்கள் போதா.

மீள்குடியேற்றத்தின்பின் வந்த ஆண்டுகளில் மன்னாரின் பாலமும் புதிதாகியது, பூநகரியின் சங்குப்பிட்டிப் பாலமும் எழுந்தது. தவணைக் காசுக்கு முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் வாங்கும் காலம் வந்தது. பழைய வித்தைக்கு இனித் தேவையில்லை என்று நினைத்தோம். 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 1960 களின் கதை அப்படியே திரும்பியது: நாட்டுக்குள் இருப்பவையே வாகனங்கள், வயது ஏற ஏற விலையும் ஏற்றம். தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்; அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் பழைய வாகனத்தைப் பரீட்சிக்கத் தெரிந்தவரின் வாசலில் மறுபடியும் ஆட்கள் காத்து நின்றனர். அதனிடையே 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியது. பெற்றோல் இல்லாத காலத்தில் கரையைக் காத்த எண்ணெய், கரையாருக்கு எட்டாத எண்ணெயாயிற்று. வெளியிணைப்பு யந்திரங்களைக் கழற்றி வீட்டுத் திண்ணையிலே சாத்திவிட்டு, தண்டு வலித்துக் கரையோரத்தில் வலை இட்டவர்கள் அந்நாட்களில் இருந்தனர்.

இந்த வித்தை எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படவில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அழுத்தமானியும் கணினிச் சோதனையும் இருக்கின்றன, அவை வேண்டியவையே. ஆனால் மண்ணெண்ணெய் ஓடிய யந்திரத்தை மணத்தால் அறிவதும், கைப்பிடியின் எதிர்ப்பால் நான்கு சிலிண்டர்களையும் பிரித்தறிவதும், கிணற்று நீரை விசாரித்து றேடியேற்றரை அறிவதும் தடைக்காலத்தில் வடபுலத்தார் தாமே ஆக்கிக்கொண்ட அறிவு. யாழ்ப்பாணத்தின் கோவில்களையும் நூல்நிலையத்தையும் எழுதிய நாம், தடைக்காலத்தில் நோயாளரை ஏற்றிய கார்களை ஓடவைத்த கைகளைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதவில்லை என்பது பெருங்குறை. அந்தக் கைவினைஞர் பலர் எழுபது பிராயத்தைக் கடந்துவிட்டனர். எனக்குச் சொல்லித் தந்த முதியவர் இன்று இல்லை. அவர் சொன்னவற்றில் நினைவிலிருந்த சிலவற்றையே இங்கே எழுதினேன்.

மன்னாரிலும் அடம்பனிலும் விடத்தல்தீவிலும் வாழும் இளைஞர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் தடைக்காலத்து மெக்கானிக் ஒருவர் உயிரோடிருப்பாராயின், அவரிடம் சென்று, பழைய யந்திரமொன்றை அவர் பார்க்கும் முறையைக் கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். விடியப்புறமாகச் செல்லுங்கள், யந்திரம் ஆறியிருக்கும்போதே அவர் தொடங்க விரும்புவார்.